கொள்ளிக்கு உரியவன்

சன்னாசிக் கங்காணி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நாவிதனுக்கு எதிரே பலகையை இழுத்துப் போடச் சொன்னார். ராக்காயி அரைத்துக்கொண்டிருந்த மஞ்சள் அப்படியே அம்மியில் நின்றது. செத்துக் கிடக்கிற நல்லம்மாளுக்கு அவர் என்ன உறவு? ஒரு உறவும் கிடையாது. ஆனாலும், பிள்ளையில்லாத பொம்பளை, நானே கொள்ளி வைத்துவிடுகிறேன் என்று அவர் காலையில் வந்து சொன்னபோது லயத்து வரிசை வீடுகள் எல்லாமே அவரைப் புண்ணியவான் என்றன. சுடுகாட்டுப் பக்கம் தண்ணீர் இல்லாததால், அந்தத் தோட்டத்தில் கொள்ளி வைப்பவனுக்கு லயத்து வாசலிலேயே மொட்டை போட்டுவிடுவார்கள்.

புண்ணியமாவது மண்ணாவது! கொள்ளி வைத்தவனுக்குத்தான் செத்தவள் வீட்டுப் பொறுப்பு. பொறுப்பு என்றால் ஒரு தகரப் பெட்டி, நாலு சட்டி பானை, அப்புறம் ராக்காயி. சட்டி பானைக்காகவா கங்காணி தலைமுடியைக் கொடுப்பார்? போன வருஷம் கருப்பம்மாளின் அப்பனுக்கும் இவர்தான் கொள்ளி வைத்தார். அதற்கப்புறம் இவர் வீட்டுக்குச் சமைக்கப் போன கருப்பம்மாளைக் கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள்.

நல்லம்மாள் அவளைப் பெற்றவள் இல்லை. விஷக்காய்ச்சலில் லயம் லயமாகச் செத்த வருஷம், தாய் தகப்பன் இல்லாமல் நின்ற ராக்காயியையும் வேறொரு வீட்டுப் பத்துமலையையும் அள்ளிக்கொண்டு வந்து வளர்த்தாள். ஆத்தா என்று கூப்பிட விடமாட்டாள். பெத்தவதான் ஆத்தா, நான் அக்கா என்பாள். வளர்ந்த பிள்ளை கங்காணி கண்ணில் படுவதற்குள் ஓர் இடம் பார்த்துச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலையெல்லாம். பத்துமலையைக் கோப்பெங் ஈயச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போய், சோறும் படுக்கையும் சரிப்படும்வரை கூடவே கிடந்துவிட்டு வந்தாள். ராக்காயிக்கு அவள் பார்த்து வைத்த இடம் பத்துமலைதான். தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்று அவனிடமும் சொல்லியாயிற்று. அன்று முதல் ராக்காயி அவனை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. ‘இந்தாங்க’ என்பதோடு சரி. தைக்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது.

நாவிதன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது பத்துமலை வந்து சேர்ந்தான். அக்காவுக்கு முடியவில்லை என்றுதான் அவனுக்குச் சொல்லி விட்டிருந்தார்கள். செமோரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. பாடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். கிழிந்த ஓரத்தில் அரக்குக் கூறைச்சேலை தெரிந்தது. அக்கா கண்ணில் காட்டிவிட நினைத்து எடுத்து வந்திருப்பான்.

கங்காணி அவன் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். ஓரம் என்றால் அம்மிக்குப் பக்கம்தான்.

“நீ ஏன்டா தம்பி கலங்குற? நான் கொள்ளி வச்சா பொண்ணுக்கு நான்தானே பெரியவன். கருமாதி முடியட்டும். நீ கேட்டு வா, நானே தார வாத்துக் குடுக்குறேன். நீ வச்சியினா நீ நல்லம்மாளுக்கு மகன், ராக்காயி ஒனக்குத் தங்கச்சிலா. அப்பறம் எப்படிக் கட்டுவ?”

கருமாதிவரை ராக்காயி எங்கே படுப்பாள்? அதைப் பத்துமலை யோசிப்பானா? நம்பும்படியாகத்தான் அந்த மனுஷன் பேசினார். அவளுக்கே கொஞ்சம் நம்ப ஆசையாக இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

வாயைத் திறந்தாள்.

“கருமாதி முடியட்டும்னுதான் கருப்பம்மாகிட்டயும் சொன்னாங்க.”

பத்துமலை அவளைப் பார்த்தான். பிறகு பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய், கங்காணிக்கு இழுத்துப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.

“எனக்குப் போடுங்க. எங்க ஆத்தாவுக்கு நான்தான் வைக்கணும்.”

கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து வீட்டு மாரியம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு, வளர்த்த பிள்ளை வந்த பிறகு வேற்றாளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள். அதுவரை புண்ணியவான் என்ற வாய்களெல்லாம் இப்போது ஆமாம் என்றன. கங்காணி கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பாடை போனதும் ராக்காயி வீட்டைக் கழுவிவிட்டாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் தகரப் பெட்டிக்குள் அடியில் வைத்தாள். நாளைக்குப் பால் தெளித்ததும் தங்கச்சியைக் கோப்பெங்குக்குக் கூட்டிப்போவதாக அவன் மாரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆனாலும் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அவன் மொட்டைத் தலையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“கால் கழுவிட்டு வாங்க அண்ணே.”

அவன் குனிந்து தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினான். கால் சுத்தமான பிறகும், வாளி காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.