வடக்கு என்று போட்ட அம்பு

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு சான்றிதழுக்காக நகராட்சி அலுவலகத்தில் காத்திருந்தேன். நாற்காலி கிடைக்கவில்லை. சுவரோரம் இருந்த பெட்டிக்குள், எங்கள் பகுதிக்கு வரப்போகும் குடியிருப்பின் மாதிரியை வைத்திருந்தார்கள். தீப்பெட்டி அளவில் வீடுகள், பஞ்சில் மரங்கள், கூரைகளில் பளபளக்கும் சூரியத் தகடுகள். குறைந்த விலை, குறைந்த மின்சாரம், இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. தெருக்களில் முகமில்லாத மனிதர்கள். ஒருத்தி மட்டும் பசை விட்டுக் குப்புற விழுந்திருந்தாள். எடுத்து நிறுத்தக் கை பரபரத்தது. பெட்டி பூட்டியிருந்தது.

சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்தேன். (பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறேன். மீதி பிறகு.)

2

"நகரம் வளர்ந்துகொண்டே இருந்தது" — வேண்டாம். வளராத நகரம் எது?

"ஊருக்கெல்லாம் வீடு வரைந்தவளுக்கு ஒரு —" இதுவும் வேண்டாம். இரக்கத்துக்குக் கை நீட்டுகிற வாக்கியம்.

இப்படித் தொடங்குகிறேன். அவளை வீட்டில் எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். தோசையைக்கூட அளந்து வெட்டுவாள் என்று அவளுடைய அக்கா வைத்த பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் வரைந்தது ஸ்கேல்தான். மூன்று வருஷ வேலை. ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையறை ஜன்னல் வடக்கே பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் யார் சொல்லியும் அவள் இறங்கி வரவில்லை. வடக்கில் வெயில் நேராக விழாது. அறை குளிர்ந்திருந்தால் ஏசி வேண்டாம். ஏசி இல்லாவிட்டால் கரண்ட் பில் எகிறாது. அவளுடைய திட்டத்தின் உயிரே அந்த ஜன்னலில்தான் இருந்தது.

குலுக்கலில் அக்காவுக்கும் ஒரு வீடு விழுந்தது.

[வாசகர் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. சீட்டை எடுத்தது வேறொரு கை. ஸ்கேல் அன்று அந்தப் பக்கமே போகவில்லை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்து.]

அக்காவின் கணவர் பேக்கரியில் இரவு முழுக்க அடுப்படியில் நிற்பவர். பகலில்தான் தூங்க வேண்டும். அவர்கள் வாடகைக்கு இருப்பது தகரக் கூரை போட்ட மாடி. பன்னிரண்டு வருஷமாக அவர் தூங்குவதாகப் பேர், தூங்குவதில்லை. அக்காவுக்கு வீடு என்றால் ஒன்றே ஒன்றுதான்: மத்தியானம் ஒரு மனுஷன் தூங்கக்கூடிய அறை.

3

திட்டத்துக்குக் கடைசி ஒப்புதல் தரும் கூட்டம் காலை பத்து மணிக்கு. முந்தின நாள் சாயங்காலம் அக்கா, வீடு வரப்போகும் இடத்தைக் காட்டச் சொல்லி நச்சரித்தாள். ஸ்கேல் கூட்டிக்கொண்டு போனாள். பொட்டல்வெளி. அதன் ஓரத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று, உயரமான தூண்கள் மேல். கல் நட்ட இடத்தில் அக்காவை நிறுத்தி, இதுதான் படுக்கையறை, தொட்டியைப் பார்த்த மாதிரி ஜன்னல் வரும் என்றாள்.

அக்கா தொட்டிப் பக்கம் திரும்பினாள். உடனே கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"ஏய், இந்தப் பக்கம் வெயிலே வராதுன்னுதானே சொன்ன?"

"ஆமா. அது வடக்கு."

"அப்ப சூரியனுக்கு உன் பிளானைக் காட்டலையா?"

மணி நாலு. தொட்டியின் தலைக்குக் கொஞ்சம் மேலே சூரியன் தகதகத்தது. ஸ்கேல் சிரிக்கத் தொடங்கி, பாதியில் —

[இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை முடித்துப் பார்த்தேன். அவள் முகத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. விட்டுவிடுகிறேன்.]

4

நடந்த தப்பு இவ்வளவுதான். நிலம் நீளவாக்கில் கிடந்தது. நில அளவை வரைபடத்தைத் தாளுக்குள் அடக்க, மூன்று வருஷம் முன்பு அவள் அதைக் கால் சுற்று திருப்பினாள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அலுவலகத் தாளின் ஓரத்தில் முன்கூட்டியே அச்சடித்த அம்பு ஒன்று உண்டு, மேலே பார்த்தபடி, வடக்கு என்று. நிலம் திரும்பியது. அம்பு திரும்பவில்லை. மேற்கு போய் வடக்கின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்த அம்பை நம்பித்தான் தெருவும் வடிகாலும் கூரைத் தகடுகளும். சரிபார்த்தவர்கள் எல்லோரும் தாளைத் தாளோடுதான் சரிபார்த்தார்கள். நிலத்தைப் பார்க்கப் போனபோதெல்லாம் உச்சிவேளை. சூரியன் எந்தப் பக்கமும் சாயாமல் தலைக்கு மேல் நின்றது. அலுவலகத்தில் மாதிரி வீடுகளுக்கு மேல் மேஜை விளக்கைக் கொண்டுபோய், நிழல் எப்படி விழும் என்று அவளே எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறாள்! விளக்கும் அம்பு சொன்ன வழியில்தான் போனது.

சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும், எட்டு மாதமாவது ஆகும். நிலத்துக்கான அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. அதை விட்டால் வணிக வளாகக்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு படுக்கையறைகளும் சாயங்கால வெயிலில் கொதிக்கும்.

பஸ்ஸில் அக்காவிடம் முழுதும் சொன்னாள். அக்கா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். இறங்கும் இடம் வந்தபோது சொன்னாள்.

"பேசாம இருந்திடு. பன்னெண்டு வருஷமா வாடகை வீட்ல வேகுறோம். இனிமே சொந்த வீட்ல வெந்துட்டுப் போறோம்."

5

முதல் பிரதியில் ஒரு மேலதிகாரி இருந்தார். ஸ்கேல் போனில் விஷயத்தைச் சொன்னதும், "தப்பு தெரிஞ்சா திருத்தணும்மா. ஆனா நமக்கு அது நாளைக்குச் சாயங்காலம் தெரிஞ்சதா வச்சுக்குவோமே" என்றார். நல்ல வசனம். என்றாலும் அவரை வெட்டிவிட்டேன். வில்லன் ஒருவர் கிடைத்துவிட்டால் அவளுக்குச் சுலபமாகிவிடும், எனக்கும்.

அக்காவையும் சந்தேகித்தேன். தங்கைக்காக நல்லவளாக இருக்கிறாளா, வீட்டுக்காகப் பேசுகிறாளா? எழுதி எழுதிப் பார்த்ததில் தெரிந்தது, அவளுக்கே அது தெரியாது.

ஆகவே மிச்சமிருப்பது அக்காவின் கணவர் ஒருவர்தான். கூட்டத்தன்று காலை ஒன்பதுக்கு, அக்கா வேலைக்குப் போனபின், ஸ்கேல் அந்த மாடிக்குப் போகிறாள். கதவு சாத்தாமல் கிடக்கிறது. அவர் கண்மேல் ஈரத்துண்டு போட்டுப் படுத்திருக்கிறார். தகரம் அதற்குள் சூடாகிவிட்டது. துண்டின் ஒரு பக்கம் காய்ந்ததும், விழிக்காமலே மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். தூக்கத்திலும் கை அந்த வேலையைப் பழகியிருக்கிறது.

தலைமாட்டுச் சுவரில் அவர்களுடைய வீட்டு வரைபடத்தின் நகல். படுக்கையறைக்குள் பென்சிலால் ஒரு கட்டில் வரைந்திருக்கிறார், கோணல்மாணலாக. தலையணை ஜன்னல் பக்கம்.

அவள் எழுப்பவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: சொல்லிவிடுகிறாள். கூட்டம் அமளி துமளிப்படுகிறது. அக்கா இரண்டு வருஷம் அவளோடு பேசுவதில்லை.

இரண்டு: சொல்லவில்லை. குடி போன முதல் வெயில் காலத்தில் மச்சான் கட்டிலைச் சுவரோரம் நகர்த்துகிறார். அம்பைப் பற்றி ஒருநாளும் கேட்பதில்லை.

மூன்று: சொல்லாமலே ஜன்னல்களுக்கு வெளியே மரப்பலகைத் தடுப்பு சேர்க்கச் சொல்கிறாள். அரைக் குளிர்ச்சி, அரை நிம்மதி.

மூன்றாவதில் பேனா நின்றது. அது என் முடிவு என்பதால்: வாயால் சொல்லாமலே ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வது.

முதல் பகுதியில் மறைத்த பாதி இதுதான். அந்தத் தண்ணீர்த் தொட்டி கற்பனையில்லை. என் வாடகை அறை ஜன்னலிலிருந்து, அந்தப் பொட்டலைத் தாண்டித் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் சூரியன் அதன் பின்னால்தான் இறங்குகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அந்தத் தொட்டி இருந்தது, சின்னதாக, மூடியோடு. அடித்தளத்தில் வரைந்த அம்பு நேரே அதைக் காட்டியது: வடக்கு.

நான் பார்த்தேன். எங்கோ இடித்தது. நமக்கென்ன தெரியும், படித்தவர்கள் போட்டது என்று சொல்லிக்கொண்டேன். சான்றிதழைக் கொடுத்த பெண்ணிடம் கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்கவில்லை. வந்து இரண்டு வாரமாக அதையே கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஸ்கேல் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவளைக் குடைந்துகொண்டு.

7

பத்து மணி. நீள மேஜை. தாள் விரித்துக் கிடக்கிறது. தலைமை வகிப்பவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்துக்கு முன் ஒரு மரியாதைக்காகக் கேட்கிறார்: "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

ஸ்கேல் எழுந்து நிற்கிறாள். மேஜைமேல் கிடக்கும் தாளின் மூலையை விரலால் பிடிக்கிறாள். கால் சுற்று திருப்பினால் போதும்.

அவள் —

எனக்கே வராத பேச்சை அவள் வாயில் எப்படி வைப்பது? இங்கே இப்போது மணி மூன்றரை. வெயில் என் கட்டிலைத் தொட்டு, மேஜைக்கு ஏறிவிட்டது. அந்த அலுவலகம் ஐந்துக்கு மூடும். அடுத்த பஸ் பத்து நிமிஷத்தில். செருப்பை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அங்கே ஏற்கெனவே கையெழுத்தாகியிருக்கலாம். நான் பார்த்ததே தப்பாகவும் இருக்கலாம்.

அவளை நிற்க வைத்துவிட்டுப் போகிறேன். விரல் தாளின் மூலையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். நான் திரும்புவதற்குள் அவள் ஏதாவது சொன்னால், கேட்டு வையுங்கள்.