பொட்டலில் ஓடிய மீட்டர்

கோவிந்தம்மாளின் வீட்டுக்குக் கரண்ட் வந்தது 1999இல். வீடு வந்தது 2002இல்.

கரண்ட் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு ஆம்பூர் மின்சார அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. உதவிப் பொறியாளர் ஜெயசீலி இருபது வருஷத்து மீட்டர் கணக்குகளை அதில் ஏற்றினாள். தோல் பதனிடும் ஷெட்டுகளில் டிரம் சுற்றும் நேரம், ரம்ஜான் மாதத்தில் விடியுமுன் எரியும் விளக்குகள், மண்டபங்களின் முகூர்த்த நாட்கள் எல்லாவற்றையும் அது தானாகவே கற்றுக்கொண்டது. ரிப்பேருக்கு வந்தவர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சின்ன ஃபேன் மட்டும்தான் இருந்தது. கணக்குப் போட்டது அலுவலக மாடிக்கு மேல் தென்னை உயரத்தில் நின்ற ஒரு மேகம். லாரி அளவு இருக்கும். அது நிற்கும் நாளில் கம்ப்யூட்டர் பதில் சொல்லும், நகர்ந்துவிட்டால் சொல்லாது. மாடியில் துணி காயப்போடுவதை மட்டும் நிறுத்தினார்கள்.

அடுத்த ஐந்து வருஷத்துக்கு எங்கெங்கே கம்பம் வேண்டும் என்று கேட்டதற்கு, அது யாரும் நினைக்காத ஓர் இடத்தையும் சேர்த்துச் சொன்னது. ஏரிக்குப் பின்னால் உப்புப் பூத்த பொட்டல், நாற்பது வாட், மாலை ஆறு முதல் பத்தரை வரை. செயற்பொறியாளர் எலியாஸ் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அங்க யாருக்கும்மா கரண்ட்? ஓணானுக்கா?" என்றார். அதுவரை கம்ப்யூட்டர் ஒரு யூனிட்கூடத் தவறியதில்லை என்றாள் ஜெயசீலி. தன் கையெழுத்திலேயே மூன்று கம்பம் நட்டு, கடைசிக் கம்பத்தில் மீட்டரும் மாட்டினாள். மெமோ வந்தது, பிறகு வாணியம்பாடிக்கு மாற்றல். தினமும் ரயிலில் போய்வரும்போது அந்தக் கம்பங்கள் தெரியும். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் மீட்டர் ஓடியது. ஒயர் எதிலும் சேரவில்லை, பல்பும் இல்லை. ஆறு மணிக்குச் சக்கரம் சுற்றத் தொடங்கிப் பத்தரைக்கு நிற்கும். ரீடிங் எடுக்கும் நிசார் அஹமது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து குறித்துக்கொண்டு போனார்.

பெங்களூர் ரோட்டை அகலமாக்கியபோது ஓரத்துக் குடிசைகளை எடுத்தார்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த கோவிந்தம்மாள், ஒன்பதாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய மகள் தமயந்தியோடு, கம்பமாவது இருக்கிறதே என்று அந்தப் பொட்டலில் கூரை போட்டாள். நிசார் அஹமது சொல்லித் தெரிந்துகொண்ட ஜெயசீலி ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தாள். எத்தனை மணி வரைக்கும் படிக்கிறாய் என்று தமயந்தியிடம் கேட்டாள்.

"ஆறுக்கு உக்காந்தா பத்தரை ஆயிடும் மேடம்."

கோவிந்தம்மாளின் கையில் மீட்டர் அட்டை இருந்தது. "நாங்க வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் இங்க யாரு மேடம் லைட்டு எரிச்சது?"

ஜெயசீலி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "உங்க பொண்ணுதான்மா."

கோவிந்தம்மாள் மகளைப் பார்த்தாள். "அதான பார்த்தேன். புக்கு வாங்கின அன்னிக்கே பாதிப் பாடம் தெரியும்னா. புளுகுறாளோன்னு நெனச்சேன்."

அடுத்த மே மாதம் தமயந்தி பத்தாவதில் ஐந்நூறுக்கு நானூற்று ஐம்பத்தொன்று வாங்கினாள். ஒரே வருஷத்தில் இது எப்படி என்று தலைமையாசிரியை கேட்டார். நாலு வருஷம் படித்ததாகச் சொன்னாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார்.