இறக்கத்தில் உறுமும் வண்டி

மெக்கானிக் மனுவேலின் கட்டைவிரல் ரேகை ஸ்டியரிங்கில் கறுப்பாகப் படிந்திருந்தது. ராஜப்ரியாவுக்கு அதைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை.

"வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க சார். மேடம் காலுதான் கொஞ்சம் வெயிட்டு" என்றார் அவர். அவள் கணவன் கீர்த்திவாசன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு இந்தக் கிரீஸ் எவ்வளவோ தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கார் அது. சார்ஜ் தீர்ந்தால்தான் பெட்ரோல் எஞ்சின் வேலைக்கு வரவேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டியிலுள்ள தன் கடைக்குக் கீர்த்திவாசன் ஓட்டிப்போகும் நாட்களில் பூனை நடப்பதுபோலப் போகும். ராஜப்ரியா கல்லூரியில் பாடமெடுக்க மேட்டுப்பாளையம் இறங்குகிற மூன்று நாட்களில் மட்டும், வழியில் காட்டேரி என்ற ஊரைத் தாண்டியதும் எஞ்சின் தானாகக் கிளம்பி உறுமும். பேட்டரி நிறைந்திருக்கும், ஆக்சிலரேட்டரில் அவள் கால்கூட இருக்காது. ஆனாலும் பர்லியார் வரை அந்த அலறல் ஓயாது. எதிரே மூச்சுவாங்கி ஏறும் பஸ் டிரைவர்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"எனக்குக் கத்தாத வண்டி உனக்கு மட்டும் ஏன் கத்துது? மலை ரோட்டுல இதெல்லாம் விளையாட்டா? இந்த மாசத்தோட வேலைய விடறேன்னு காலேஜுக்கு எழுதிக் குடுத்துரு" என்று முடித்துவிட்டான் கீர்த்திவாசன்.

பஸ்ஸில் போகலாம் என்றால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே அவளுக்குக் குமட்டிவிடும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னான் என்பதுதான் அதைவிடக் குமட்டியது.

அந்த வாரம் புதன்கிழமை காலையில், சார்ஜ் அறுபது சதவீதம் ஏறியிருந்தபோது கரண்ட் போய்விட்டது. நேரமாகிவிட்டதென்று அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். காட்டேரி வந்தது, பர்லியார் வந்தது. வண்டி மூச்சுக்கூட விடவில்லை. பிரேக்கை மிதிக்க மிதிக்க, திரையில் சார்ஜ் அறுபதிலிருந்து ஏறிக்கொண்டே போனது. பழக்கடைகளின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, திரையில் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மனுவேலை வீட்டுக்கு வரச் சொன்னாள். சார்ஜ் நூறு இருந்தது. ஏனென்றால் தினமும் வயரை மாட்டிவிட்டு, நூறு வந்ததா என்று போய்ப் போய்ப் பார்ப்பது கீர்த்திவாசன்தான்.

"ஏனுங்க, மேட்டுப்பாளையம் ரோட்டுல இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"பாத்துக்கோ, ஒரு சத்தம் வராது" என்று கீர்த்திவாசன் ஏறினான். மனுவேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காட்டேரி தாண்டியதும் எஞ்சின் அலறியது. கீர்த்திவாசன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பிடரியில் வியர்வை வழிந்தது. "என்ன பண்ணின நீ? எதையோ அமுக்கி வச்சிருக்க!"

"பின்னால உக்காந்துட்டா? உங்க கால் எத்தன கிலோங்க?"

மனுவேல் வெளியே குரங்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் அவரையும் விடவில்லை. "அண்ணா, இறக்கத்துல பிரேக் போட்டா அந்தச் சக்தி பேட்டரிக்குத்தானே போகும்? பேட்டரி ரொம்பி இருந்தா எங்க போகும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "எஞ்சினச் சுத்திவிட்டுத்தாங்க மேடம் தீக்கணும். பெட்ரோல் செலவாகாது, சத்தம் மட்டுந்தான். ஊட்டி ஏத்தம்கிறதால சாருக்கு வரல, திரும்பி இறங்கறப்ப பேட்டரில எடம் இருக்கும்." பிறகு மெதுவாக, "நான்தான் இறக்கத்துல ஓட்டிப் பாக்காமச் சொல்லிட்டேன்" என்றார்.

கீர்த்திவாசன் பர்லியாரில் வண்டியை நிறுத்தினான். மங்குஸ்தான் பழம் வாங்கினான். தோலை உடைத்த கையைச் சீட்டிலேயே துடைத்தான். ஊதாக் கறை அப்பிக்கொண்டது. அதே கையால் போனை எடுத்துத் தங்கைக்குப் பேசினான். "நானே ஓட்டிப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டேன் சுகந்தி. ஃபுல் சார்ஜ் போடக்கூடாதாம். இவளுக்கு இதெல்லாம் எங்க தெரியுது!"

ராஜப்ரியா போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். "சுகந்தி, கண்டுபுடிச்சது நான். தெனமும் ஃபுல் சார்ஜ் போட்டது உங்கண்ணன். நாளைக்கு நான் காலேஜ் போறேன், அதையும் உங்கம்மாட்டச் சொல்லிரு." எதிர்முனையில் சுகந்தி சிரித்தது கீர்த்திவாசனுக்கும் கேட்டது.

திரும்பும்போது அவளே ஓட்டினாள். வீடு வரும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை.

திங்கள் காலை வாசலுக்கு வந்தாள். வயர் ஏற்கெனவே கழற்றிச் சுருட்டப்பட்டிருந்தது. திரையில் அறுபத்தைந்து. கீர்த்திவாசன் ஈரத்துணியோடு சீட்டில் குனிந்திருந்தான்.

"மங்குஸ்தான் கறை போகாதுங்க."

"தேச்சா போயிரும் புள்ள."

"தேச்சுட்டே இருங்க. இன்னிக்கு மட்டுமில்ல."

அவன் இறங்கி வழிவிட்டான். துணியை வாங்கி, ஸ்டியரிங்கில் இன்னும் இருந்த அந்தக் கறுப்புக் கட்டைவிரல் ரேகையை அவள் அழுத்தித் துடைத்தாள். துணியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

காட்டேரியில் பனி இறங்கியிருந்தது. வண்டியில் சத்தமே இல்லை.