சிக்னேயின் கண்களில் பூசிய கறுப்பு

எங்கள் மினசோட்டா ஊர்த் திருச்சபையில், எல்லாக் குடும்பங்களின் படங்களையும் சேர்த்து ஒரு புத்தகம் போட முடிவானது. படம் எடுத்தவர் வெர்லின். பிளாஷில் சிவந்துபோன கண்களைக் கணினியில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கறுப்பாக்கியவரும் அவர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து காபிக்குக் கூடியபோது மாதிரிப் பக்கங்களை மேசையில் பரப்பினார். மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும்.

"போதகருக்குச் சளி பிடிச்சு மூக்கு சிவந்ததுக்கு, மூக்கையுமா கறுப்பாக்கிட்டீங்க?" என்று நான் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. அவள் மகள் சிக்னே பிறவியிலேயே நிறமி இல்லாத குழந்தை. வெண்பட்டு முடி, வெளிறிய ஊதாக் கண்கள். படத்தில் அந்தக் கண்கள் தார் பூசிய பொத்தான்கள்போல் இருந்தன.

எங்கள் ஊரில் ஒன்று சகிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். மார்லிஸ் நகரவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ரொம்பச் சிவந்திருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ண அவ கண்ணுல என்ன தப்பு?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன். கண்ணு சிவக்கக் கூடாதுன்னுதான் கேமராவுலயும் அதுக்கான பொத்தானை அமுக்கி வச்சேன். படம் எடுக்கிறதுக்கு முன்னாடியே பளிச் பளிச்சுன்னு அடிச்சு, கண்மணியைச் சுருக்கிடும்."

"வெளிச்சமே தாங்காத பிள்ளை மேல பளிச் பளிச்சுன்னா? அன்னைக்குப் பூரா தலையைப் பிடிச்சிட்டுப் படுத்திருந்தா! பிளாஷ் வேண்டாம்னு அவ உங்ககிட்ட சொல்லலையா?"

வெர்லின் தரையைப் பார்த்தார். "சொன்னா. படம் இருட்டா வந்துடுமேன்னு..."

ஒரு குழந்தை வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். அதை மறுத்து வலிக்க வைத்துவிட்டு, ஆண்டவர் தீட்டிய நிறத்தையும் பிழை என்று அழித்திருக்கிறோம்.

"விடு மார்லிஸ், கறுப்புக் கண்ணும் அழகுதானே," என்றாள் காபி ஊற்றிக்கொண்டிருந்த கார்லா.

"அப்ப உன் நீலக் கண்ணுலயும் ரெண்டு சொடுக்குச் சொடுக்கச் சொல்லவா?" என்றேன்.

அம்மாவின் பக்கத்தில் நின்ற சிக்னேயின் முன் வெர்லின் முழங்காலிட்டார். "நீ சொல்லியும் நான் கேக்கல கண்ணு. தப்பு என்னோடதுதான். எப்படி எடுத்தா உனக்கு வலிக்காது?"

"ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. பிளாஷை அணைச்சிடுங்க. அப்புறம் அவசரப்படாதீங்க."

அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, கேமரா ஆடாமல் அவற்றின்மேல் வைத்தார். அரையிருட்டில் சிக்னே மெல்லக் கண்களை அகலத் திறந்தாள். அவளுக்கு இவ்வளவு பெரிய கண்கள் என்று, ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கிற எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"கொஞ்சம் மங்கலா இருக்கே," என்றாள் கார்லா.

"இருந்துட்டுப் போகட்டும்," என்று வெர்லின் பழைய படத்தை அழித்தார். மார்லிஸ் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அது உடனே போகவேண்டும் என்று எதிர்பார்க்க எங்களில் யாருக்கும் உரிமையில்லை.

"இதை அனுப்பட்டுமா?" என்று அவர் சிக்னேயிடம்தான் கேட்டார்.

மூக்கு இடிக்கும் அளவுக்குக் கேமராத் திரையருகே குனிந்து, அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அனுப்புங்க," என்றாள்.