குடிக்காமல் வைத்த காபி

அரைநாள் பாலைவனச் சுற்றுலாவுக்குத் தனியாக ஒரு பெண் வந்து நின்றால் எங்கள் ஊரில் ரொட்டிக் கடைக்காரன்கூட அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவான். வெளிநாட்டுக்காரியாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் தனியாக நிலாவுக்கும் போவார்கள். இவள் நம் நாட்டுக்காரி. வடக்கே கரக் ஊர்ப் பக்கம் என்பது முக்காடு கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. ஐம்பதைத் தொடும் வயது, கறுப்பு அங்கி, காலில் மட்டும் பளிச்சென்று புது ஷூ. விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உல்லாசப் பயணம் வந்தவள் முகமா அது? பல் பிடுங்கிக்கொள்ள வந்தவள் மாதிரி இருந்தாள்.

பெயர் இன்திசார். அகபாவில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள். தங்கச்சி வீட்டில் ராத்திரி தங்கினாள். அந்த மட்டில் அது பொய்யில்லை. காலையில் பஸ் ஏறி இங்கே வந்து இறங்கிவிட்டாள்.

போன வசந்தத்தில் இதே அரைநாள் சுற்றுலாவுக்கு, இதே ஓட்டுநரை நம்பி, கல்லூரித் தோழர்களோடு வந்தான் அவள் மகன் கைஸ். பிணமாகத் திரும்பினான். ‘வண்டியைக் கொடு, நான் ஓட்டுகிறேன் என்று பையன் நச்சரித்தான், கொடுத்தேன், மணல் மேட்டில் கவிழ்த்துவிட்டான்’ என்று ஓட்டுநர் போலீசில் சொன்னான். கூட வந்த பையன்களும் தலையாட்டினார்கள். அதுவே எழுதப்பட்டது, அதுவே ஊர்ப்பேச்சாகவும் ஆனது. இன்திசாருக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. அப்பாவின் காரைக் கேட்டைத் தாண்டிப் பின்னால் எடுக்கச் சொன்னாலே வியர்த்துப் போகிறவன் அவள் பிள்ளை. அவனா பாலைவனத்தில் பிக்கப் கேட்டு நச்சரித்தான்?

அவள் அன்றே இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க இடமில்லாமல் ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெரிய மனிதர்கள் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு கரக்குக்குப் போய் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. யாரும் தொடவில்லை. எங்கள் பக்கம் அதுதானே முறை: ஒன்றைக் கேட்டு வந்தவன் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் வைப்பான், வீட்டுக்காரன் “குடி, கேட்டது உனக்கு உண்டு” என்று சொன்ன பிறகுதான் எடுப்பான். அவள் கணவன் அபு கைஸ், அதாவது கைஸின் அப்பா, அந்த வார்த்தையைச் சொன்னார். அத்தனை பேரும் குடித்தார்கள். மன்னிப்பு கொடுத்தாயிற்று, அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இன்திசார் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கோப்பைகள் தட்டில் மோதும் சத்தம் மட்டும் சுவர் வழியாகக் கேட்டது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எப்போதாவது அபு கைஸ், “பிடிவாதக்காரன். அந்த ஸ்டீயரிங்கைத் தொடாம இருந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்” என்பார். அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

வண்டியை ஓட்டியது யார்? ஓட்டுநர் வாயாலேயே அவளுக்கு அது தெரியவேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் புது ஷூ.

ஓட்டுநர் சுவைலிம் வாய் ஓயாதவன். அவன் வாய் மூடியிருக்கும் நேரம் தூங்கும் நேரம்தான். அதிலும் அவன் மனைவி வேறு மாதிரி சொல்கிறாள். இன்திசாரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? செத்தவனின் தாய் பெயரை எந்த ஆம்பிளை அந்நியர் முன்னால் சொல்வான்? ஒரு வருஷமாக அவனுக்கு அவள் வெறும் ‘உம்மு கைஸ்’, கைஸின் அம்மா. இன்திசார் என்று போனில் பதிவு செய்தவள் வேறு யாரோ.

“வாங்க அக்கா, முன் சீட்டுல உக்காருங்க. உங்களை எப்படிக் கூப்பிடறது? உம்மு யாரு?”

“உம்மு ரீம்” என்றாள். ரீம் அவள் மகள். முறைப்படி மூத்த பிள்ளை கைஸின் பெயரைத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

“பேத்தி எடுத்தாச்சா உம்மு ரீம்?”

“இல்லை.”

“எடுத்துடுவீங்க. இங்க வந்துட்டுப் போனவங்களுக்கு நல்லது நடக்கும்.”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் திறந்த பெஞ்சில் அம்மானிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, லாமாவும் ஃபிராஸும். எங்கள் பாலைவனத்து பெடூயின் ஆட்கள் மாதிரி தலைத்துணி கட்டுகிறேன் என்று ஃபிராஸ் கட்டியிருந்ததைப் பார்த்து ஊரே சிரித்துவிட்டது.

“கட்டு போட்ட மாதிரி இருக்கு. பல்வலியான்னு கேக்கப்போறாங்க” என்றாள் லாமா.

“நீ போட்டோவ மட்டும் எடு.”

ஊற்று, பாறை இடுக்கு, பழைய கீறல் எழுத்துகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனான் சுவைலிம். இந்த எழுத்து ஆயிரம் வருஷம், அந்தப் பாறை ஒட்டகம் மாதிரி இல்லையா, இதோ இங்கேதான் என் தாத்தா ஓநாயைப் பிடித்தார். போன மாதம் அதே ஓநாயை வேறு பாறையில் பிடித்தார் என்பது எங்களுக்குத் தெரியும். இன்திசார் எதையும் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கில் ஒரு கை. இன்னொன்று கதை சொல்ல.

சிவப்பு மணல் மேடு தெரிந்ததும் வண்டி இடதுபக்கம் விலகியது.

“அண்ணே, விளம்பரத்துல இந்த மேட்டுல ஏறி இறங்கறதுதானே போட்டிருந்துச்சு?” என்று ஃபிராஸ் பின்னாலிருந்து கத்தினான்.

“இன்னிக்கு மணல் சரியில்ல தம்பி. இளகிக் கிடக்கு.”

ஒரு வருஷமாக அவனுக்கு மட்டும் அந்த மணல் இளகித்தான் கிடக்கிறது. மற்ற வண்டிகள் ஏறி இறங்குகின்றன. அவன் சொல்லும்போது இரண்டாவது கையும் ஸ்டீயரிங்குக்கு வந்ததை இன்திசார் பார்த்தாள்.

கடைசியாகக் கூடாரம். அதைப் பார்த்துக்கொள்கிறவன் சுவைலிமின் சித்தப்பா மகன் ஃபலாஹ், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டச் சோம்பல்படுகிறவன். நெருப்போரம் காபிக்குடுவை. கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியை சுவைலிமே எடுத்து ஊற்றினான். வந்தவர்களுக்கு அது வேடிக்கை. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டவேண்டும். ஃபிராஸுக்கு அது தெரியாது. அவன் காலி செய்யச் செய்ய சுவைலிம் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

“நிறுத்தச் சொல்லேன், நெஞ்சு படபடங்குது” என்றான் ஃபிராஸ் லாமாவிடம்.

“ஆட்டுங்க, அறிவாளி. கோப்பைய ஆட்டுங்க. எங்க பாட்டனாரும் பெடூயின்தான்னு எங்கப்பாகிட்ட சொன்னது யாரு?”

சிரித்துக்கொண்டே திரும்பிய சுவைலிம், இன்திசாரின் கோப்பையைப் பார்த்தான். நிரம்பக் கிடந்தது. பாயில், அவளுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அவள் கைகளை மடியில் வைத்திருந்தாள்.

“கசக்குதா உம்மு ரீம்? பட்டணத்து நாக்கு எல்லாருக்கும் இதே கதைதான். இருங்க, சர்க்கரை போட்டு டீ தரேன்.” சொல்லிக்கொண்டே கோப்பையை எடுத்து வெளியே மணலில் விசிறிக் கொட்டினான்.

தினமும் கொட்டுகிறவன்தான். ஜெர்மன்காரன் வைத்ததை, சீனாக்காரி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்ததை, எல்லாவற்றையும் கொட்டிக் கொட்டி அவனுக்குக் குடிக்காத கோப்பை என்றால் கழுவவேண்டிய கோப்பை என்றாகிவிட்டது.

படுத்திருந்த ஃபலாஹ் எழுந்து உட்கார்ந்தான். அவன் எழுந்ததே எங்கள் ஊரில் ஒரு செய்தி.

“டேய். என்ன பண்ணே நீ?”

“ஏன், ஆறிப்போச்சு.”

“அந்தம்மா கரக்குடா, முறை தெரிஞ்சவங்க. கோப்பையை எப்படி வெச்சிருந்தாங்கன்னு பாத்தியா? உன் முகத்துக்கு நேரா கேட்டு வெச்சதை எடுத்துக் கொட்டிட்டியே. உங்கப்பன் இருந்திருந்தா இந்தக் குடுவையாலயே உன் மண்டைய உடைச்சிருப்பான்.”

சுவைலிமின் முகம் கறுத்தது. இன்திசார் நிதானமாகச் சொன்னாள்: “பரவால்ல தம்பி. இன்னொண்ணு ஊத்து.”

ஊற்றினான். அவள் வாங்கினாள். அதே இடத்தில் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

தம்பதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபலாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான். கொட்டின அவமானம் வேறு. சுவைலிம் முழங்காலிட்டு உட்கார்ந்து, அப்பன் பாட்டன் சொன்னதை அப்படியே சொன்னான்: “குடிங்க அக்கா. கேட்டது உங்களுக்கு உண்டு.” அடுத்த வாரம் பெண்கள் கூட்டத்தோடு வருவாள், வண்டியை இலவசமாகக் கேட்பாள் என்றுதான் நினைத்தானாம், பிறகு ஃபலாஹிடம் சொன்னான்.

“கொடுத்துட்டியா?”

“கொடுத்துட்டேன். இவங்க சாட்சி.”

“நான் ரீமுக்கு மட்டும் அம்மா இல்ல. நான் உம்மு கைஸ். அன்னிக்கு வண்டிய யாரு ஓட்டினா?”

குடுவை மூடி நெருப்பின் மேல் தடதடத்தது. ஃபிராஸ் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கப் பயந்து பிடித்தபடியே இருந்தான். சுவைலிம் பாயைப் பார்த்தான், கூடாரக் கம்பத்தைப் பார்த்தான். அந்தக் கோப்பை மட்டும் நடுவில் இருந்தது.

“நான்தான்” என்றான் கடைசியில். “ஒரு கை ஸ்டீயரிங்ல. ஒரு கைல போன். பசங்க பின்னால நின்னு, வீடியோ எடுங்க மாமான்னு கூச்சல் போட்டாங்க. உச்சியில வண்டி குறுக்கால திரும்பிக் கவிழ ஆரம்பிச்சிடுச்சு. மத்தவங்க குதிச்சிட்டாங்க. கைஸ் மட்டும் கம்பிய விடல. விடுடா விடுடான்னு கத்தினேன். பயத்துல இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.”

“ஓட்டணும்னு கேட்டானா?”

“இல்ல. மெதுவா போங்கன்னு கேட்டான்.”

இன்திசார் தலையை ஆட்டினாள், சந்தையில் சரியான நிறுவை கேட்டவள் மாதிரி. அழவில்லை. “செத்த பிள்ளை மேல பழி போட்டியே. எங்க வீட்டுக் கூடத்துல வந்து உக்காந்து காபி குடிச்சியே. அப்பவாவது சொல்லத் தோணலியா உனக்கு?”

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான்.

“போலீஸ்லதான் பொய் சொன்னேன் உம்மு கைஸ். உங்க வீட்டுல சொல்லல. கூட்டம் உக்காரதுக்கு முன்னாடி அபு கைஸை வாசல்ல தனியாக் கூப்பிட்டு அவர் காலைப் பிடிச்சு உள்ளதைச் சொன்னேன். அவரு என்னை எழுப்பி நிறுத்தினாரு. அப்புறம், ‘போலீஸ்ல சொன்னதே இருக்கட்டும். இவ்வளவு பெரிய மனுசங்க வந்திருக்காங்க, நான் மன்னிச்சுடப் போறேன். அவன் அம்மாவுக்குத் தெரிஞ்சா இந்தக் காபிய யாரையும் குடிக்க விடமாட்டா’ன்னாரு.”

ஃபலாஹ் “போதும்டா” என்றான்.

ஒரு வருஷத்துச் சாப்பாடு இன்திசாரின் கண்முன் வந்து நின்றது. பிடிவாதக்காரன் என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு நீளும் கை. அதற்கு எடுத்துக் கொடுத்த தன் கை.

கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு குடிக்காமல் எழுந்தால் இழுக்கு அவளுக்குத்தான். குடித்தாலோ சுவைலிமிடம் அவளுக்கு இனி ஒரு பேச்சும் கிடையாது. போலீஸ் இல்லை, பழி இல்லை, சாபம்கூட இல்லை. அது தெரிந்துதான் கோப்பையை வைத்தாள். ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். கோப்பையை ஆட்டினாள். கொடுத்தாள்.

திரும்பிப் போகவும் அதே வண்டிதான். பாலைவனத்தில் கோபித்துக்கொண்டு வேறு வண்டி பிடிக்க முடியுமா? அதே முன் சீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த மேட்டு வழியாப் போ.”

அவன் மறுக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுதை வேகத்தில் ஏற்றினான். உச்சியில் நிறுத்தினான். அவள் இறங்கினாள். ஒரு தடமும் இல்லை. காற்று தினமும் கூட்டிப் பெருக்கிவிடுகிற இடம். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து புது ஷூக்களைக் கழற்றி மணலைக் கொட்டினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். பின்னால் ஃபிராஸ் பழக்கதோஷத்தில் போனைத் தூக்கினான். லாமா அவன் கையைக் கீழே இறக்கினாள்.

சுவைலிம் ஊருக்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகும் அதிகம் திறப்பதில்லை. ஓநாயைப் பிடித்த தாத்தா கதை கேட்க வேண்டுமானால் இப்போது வேறு வண்டிதான் ஏறவேண்டும்.

கரக்கில் நடந்ததும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அவள் தங்கச்சி வீட்டுக்கு அடுத்த வீடு எங்கள் ரொட்டிக் கடைக்காரனின் மச்சினி வீடு, வேறென்ன வேண்டும்? இன்திசார் வீட்டுக்குப் போன மறுநாள் காலை வழக்கம்போல் இரண்டு கோப்பை காபி ஊற்றினாள். அபு கைஸ் தன்னுடையதை எடுத்தார். அவள் தன்னுடையதைக் குடிக்காமல் அவர் முன்னால் வைத்தாள். கையை மடிக்குக் கொண்டுபோனாள்.

அவர் பார்த்தார். எத்தனை சமாதானக் கூட்டம் பார்த்த மனிதர், அவருக்கா தெரியாது? “ஊர்ல மழை உண்டாமா?” என்று கேட்டார். “தங்கச்சி வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார். “குடி, கேட்டது உனக்கு உண்டு” என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போதும் தினம் வைக்கிறாள். அவர் தன் காபியைக் குடித்துவிட்டு, அந்தக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு எழுந்து போகிறார். மதியம் அவளே அதை எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றிக் கழுவி, மறுநாளைக்காகக் கவிழ்த்து வைக்கிறாள்.