இருநூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி

...ஒருவர் என்று எழுதாமல் இருந்திருக்கலாம், இருவர் என்றோ, சிலர் என்றோ எழுதித் தொலைத்திருக்கலாம், வெறுமனே விட்டிருந்தால்கூட யாரும் வந்து கழுத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள், முந்நூறு கேள்விகளில் ஒரு கேள்வி, இருநூற்றுப் பன்னிரண்டாவது, ‘இறுதிச் சோதனையைச் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?’, அதற்கு நேராக ஒருவர் என்று எழுதினாள், எழுதியது போதாதென்று அடிக்கோடு வேறு போட்டாள், அடிக்கோடு! என்ன தலைக்கனம், பதினான்கு வருஷமாக இந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் கேட்காததை இதை விலைக்கு வாங்க எங்கிருந்தோ வந்த பெரிய கம்பெனி கேட்டுவிட்டது என்றதும் உச்சி குளிர்ந்துபோய்விட்டது, இப்போது அனுபவி. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சோதனை அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பலகையை எடுத்துக் கம்பியைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்திருந்தாள். விரல் வேலை செய்தது. மனசுதான் கூட்ட அறை வாசலிலேயே நின்றது.

அவர்கள் செய்வது பார்வை இல்லாதவர்கள் விரலால் படிக்கும் பலகை, கம்ப்யூட்டரில் வரும் எழுத்தெல்லாம் இதில் புள்ளிப் புள்ளியாக எழும்பும், நாற்பது கட்டம், கட்டத்துக்கு எட்டு ஊசி, மொத்தம் முந்நூற்று இருபது ஊசி, ஒவ்வொன்றும் எழும்ப வேண்டும், விரல் பட்டால் அமுங்காமல் நிற்க வேண்டும், போகச் சொன்னால் போக வேண்டும். எழும்புகிறதா இல்லையா என்று மெஷின் சொல்லிவிடும். ஆனால் எழும்பி நிற்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, தொட்டதும் சோர்ந்து உட்காரும் ஊசி இருக்கிறதே, சோம்பேறி ஊசி என்று அதற்கு அவள்தான் பெயர் வைத்தாள், அது மெஷினுக்குப் பிடிபடாது, விரலுக்குத்தான் பிடிபடும், அதுவும் கண்ணை மூடினால்தான். அவள் பார்த்து முடித்து மூலையில் பச்சை வட்ட ஸ்டிக்கரை ஒட்டினால்தான் பலகை பெட்டிக்குள் போகும். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எழுதியும் வைக்கவில்லை. எழுதி வைக்கச் சொன்னார்களே, ஆறேழு வருஷத்துக்கு முன்னால் சார் ஒரு புது நோட்டே வாங்கிக் கொடுத்தாரே... அதில் மகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டித் தீர்த்தாயிற்று.

முதலாளியை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், அவருக்கு அறுபத்து மூன்று, விற்றுவிட்டு ஓய்வாக உட்கார ஆசை, அதில் தப்பு ஒன்றும் இல்லை. வாங்குகிறவர்களுக்குப் பலகை பெரிதில்லை, அந்த ஊசியைச் சூடாகாமல் தூக்குகிற குட்டிப் பொறிதான் வேண்டும், அதைத் தங்கள் கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றிலும் வைக்கப் போகிறார்களாம், வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம், முக்கிய நபர்கள் என்று தலைப்பு, கீழே இரண்டே பெயர், ஒன்று சாருடையது, இன்னொன்று அவளுடையது. இரண்டு பேரும் மூன்று வருஷம் வேலையை விடக் கூடாது, இதே கட்டடத்தில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஒருத்தர் கையெழுத்துப் போடாவிட்டாலும் விற்பனை கிடையாது. நேற்று சார் இந்த அறைக்கே வந்து, நின்றபடியே, “உன் தலையில பாரத்தை ஏத்தணும்னு நினைக்கலம்மா, ஆனா உன் பேரு அதுல வந்துடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?” என்றார். எப்படி வந்தது சார் என்று கேட்க வாயெடுத்தாள். அடிக்கோடு ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

பதினேழாவது கட்டம் சரி, பதினெட்டு சரி... மூன்று வருஷம். அதென்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு என்ன தெரியும், அவள் வீட்டுக்காரர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது, ஒரு சனி விட்டு ஒரு சனி வருவார், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவார், துவைத்த சட்டையும் துவைக்காத சட்டையும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். மகளுக்கு இந்தப் பரீட்சை முடிந்ததும் எல்லோரும் அங்கேயே போய்விடுவது என்று முடிவாகி, வீடு பார்த்து, பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கியாயிற்று, சமையலறை அலமாரியைக்கூடப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், மேல்தட்டு உனக்கு எட்டுமா என்று கேட்டு. ராஜினாமா கடிதம் எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தாள், திங்கள் கொடுக்கலாம், செவ்வாய் கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போய்... ஏன் தள்ளினோம்? கொடுத்திருந்தால் இந்தப் பட்டியலில் பெயரே வந்திருக்காது. காலையில் அவரிடம் போனில் சொன்னபோது சத்தம் போடுவார் என்று நினைத்தாள், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி அழுதிருக்கலாம். அவரோ, “உனக்கு எது சரின்னு படுதோ செய். நான் என்னத்த சொல்ல?” என்றார். மகள் அதுகூடச் சொல்லவில்லை, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

கதவு தட்டாமல் திறந்தது, கண்ணைத் திறந்தாள். ஸ்டிக்கர்காரன். காலையிலிருந்து வாங்குகிற கம்பெனி ஆள் ஒருவன் மேஜை, நாற்காலி, மைக்ராஸ்கோப், மின்விசிறி என்று ஒன்று விடாமல் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிகிறான், எல்லாம் இனி அவர்கள் சொத்தாம், கணக்கு வேண்டுமாம். “சாரி மேடம், ஒரே ஒரு நிமிஷம்” என்று சொல்லி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் ஒன்று ஒட்டினான், விளக்கில் ஒன்று ஒட்டினான், கையில் இருந்த தாளில் டிக் போட்டான், அவளைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு எங்கே ஒட்டுவாய் தம்பி, நெற்றியிலா முதுகிலா என்று கேட்டிருப்பாள், வேறு நாளாக இருந்திருந்தால். போகும்போது கதவுக்கும் ஒன்று ஒட்டிவிட்டுச் சாத்தினான். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? விற்பனை நின்றுபோகும், சார் இடிந்துபோவார், அடுத்த ஆள் வாங்க வருவானா என்பது யாருக்கும் தெரியாது, நாற்பத்தோரு பேரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அந்தப் பார்வை போதாதா? போட்டால் மட்டும் என்ன, பதினோரு பேரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், மற்றவர்கள் கையில் ஆறு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போ என்றால் போகிறவர்கள் முப்பது பேர், போகிறேன் என்றால் விடாதது அவள் ஒருத்தியை. நல்ல கூத்து. மணி பதினொன்று முப்பத்தைந்து.

மறுபடியும் கதவு, இந்த முறை சுண்டு. பொருத்தும் பிரிவில் ஊசி கோர்க்கிறவள், நாற்பதை நெருங்குகிறாள், உயரத்துக்காக வைத்த பெயர், அவள் பிள்ளைகளே சில சமயம் அப்படித்தான் கூப்பிடும். அந்தப் பதினோரு பேரில் சுண்டு இல்லை, முந்தாநாள் தெரிந்தது, தெரிந்த அன்றைக்கும் ஒன்பது பலகை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். இப்போது மூன்று பலகையைத் தட்டோடு மேஜையில் வைத்துவிட்டு, “என்னக்கா, முகமெல்லாம் வீங்கியிருக்கு, அழுதீங்களா?” என்றாள். அழவில்லை என்று சொல்ல வந்தவள் எல்லாவற்றையும் சொன்னாள், மூன்று வருஷம், வீடு, அலமாரி, மகள் பேசாதது, எல்லாவற்றையும், கடைசியில் தன்னையறியாமல், நான் போய்விட்டால் இந்தப் பலகையை யார் பார்ப்பார்கள் சுண்டு என்று கேட்டாள். கேட்டபோது குரலில் ஒரு குழைவு இருந்தது, அது அவளுக்கே கேட்டது. சுண்டு பக்கென்று சிரித்துவிட்டாள்.

“ஏன்க்கா, பாப்பாவுக்கு மஞ்சள் காமாலைன்னு மூணு வாரம் லீவு போட்டீங்களே, அப்ப யாரு பார்த்தாங்கன்னு நினைச்சீங்க? நூத்தி அறுபது பலகை போச்சு. சூப்பர்வைசர் தலையில கைய வச்சிட்டு உக்காந்துட்டாரு, நான்தான் குடுங்கன்னு வாங்கிப் பார்த்தேன். உங்க ஸ்டிக்கரைத்தான் ஒட்டினேன், கோவிச்சுக்காதீங்க.” கோபமா, கோபம் எங்கே வந்தது, காது அடைத்த மாதிரி இருந்தது. அந்த நூற்று அறுபதும் சேர்த்து அந்த வருஷம் போனதில் ஒரு பலகைகூடப் புகாரோடு திரும்பி வரவில்லை, அதற்காக சார் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார், அவளும் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டாள், சுண்டுவும் தட்டினாளே, அத்தனை பேரோடு சேர்ந்து தட்டினாளே பாவி! ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். “எதுக்குக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?” என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள், பிறகு பெருமூச்சு விட்டு, “என்னை மட்டும் அந்தக் காகிதத்துல போடச் சொல்லட்டும், மூணு என்ன, முப்பது வருஷத்துக்கு எழுதிக் குடுப்பேன். ரெண்டு பேரு படிக்கிறாங்க வீட்டுல” என்றாள்.

அவ்வளவுதானே? இவ்வளவு சுலபமா? எழுந்து போய், இருநூற்றுப் பன்னிரண்டாவது கேள்விக்குத் தப்பாகப் பதில் எழுதிவிட்டேன், ஒருவர் இல்லை, இரண்டு பேர், இதோ இவள், இவள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதும், சுண்டுவுக்கு வேலை நிற்கும், சாருக்கு விற்பனை முடியும், அவள் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்... எழுந்திருக்க வேண்டியதுதானே, கால் ஏன் வரவில்லை? மூன்று வாரம் பார்த்தால் ஆயிற்றா, ஏதோ அதிர்ஷ்டம், திரும்பி வராததெல்லாம் சரியான பலகையா, வாங்கினவர்கள் பாவம் சகித்துக்கொண்டிருப்பார்கள், நாளைக்கு அந்தப் பெரிய கம்பெனி முன்னால் இவள் விரல் தடுமாறினால் யாருக்கு அவமானம்? பார்த்துவிட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் சோதிக்காமல் எப்படிச் சொல்வது? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நேற்றுத் தள்ளி வைத்த பலகைகளிலிருந்து ஒன்றை எடுத்தாள், இருபத்தேழாவது கட்டம், கீழே இடது ஊசி, சோம்பேறிகளிலேயே பெரிய சோம்பேறி, அவளுக்கே மூன்றாவது தடவையில்தான் பிடிபட்டது. “இதைக் கொஞ்சம் பாரேன்” என்று மட்டும் நீட்டினாள்.

சுண்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டிக்கர் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடினாள். விரலை வைத்த விதமே வேறு, அவள் எப்போதும் ஆள்காட்டி விரலால் பார்ப்பாள், சுண்டு மோதிர விரலை வைத்தாள், இது என்ன புது வழக்கம், யார் சொல்லிக் கொடுத்தது, இப்படிப் பார்த்தால் விளங்கின மாதிரிதான் என்று மனசு குதித்தது. பத்து, பதினைந்து, இருபது... முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பாத்திரம் விளக்குகிற மாதிரி அமைதியாக இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. விரல் தாண்டியது. இருபத்தெட்டுக்குப் போய்விட்டது, தாண்டிவிட்டாள், தாண்டிவிட்டாள்! அப்பாடா என்று அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது, காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. அப்போது சுண்டுவின் விரல் நின்றது. பின்னால் வந்தது. இருபத்தேழின் மேல் இரண்டு தடவை மெல்ல அழுத்தியது.

“இதுல ஒண்ணு அமுங்குதுக்கா. கீழ, இடது பக்கம்” என்று கண்ணைத் திறந்து, “சரிதானே?” என்றாள். சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு சொல், அதைச் சொல்லாமல் அவள் பலகையை வாங்கி அந்த ஊசியைத் தானும் தொட்டுப் பார்த்தாள், தெரிந்ததைத் தெரியாததுபோலத் திரும்பத் திரும்பத் தொட்டாள். அப்பாடா என்றது எதற்கு? இவள் தப்பவிட்டதற்கு. இவள் தப்பவிட்டால் மூன்று வருஷம் நான்தான் இங்கே இருக்க வேண்டும், அதற்கா உடம்பு அப்படிச் சந்தோஷப்பட்டது, ஐயோ, அதற்கா? கதவு திறந்து, அந்தக் கம்பெனியின் வக்கீல் பெண் தலையை நீட்டினாள், சிரித்த முகம், கையில் பேனா. “எல்லாம் ரெடி மேடம், சார் வெயிட் பண்றார். ஃபார்மாலிட்டிக்குக் கேட்கிறேன், இந்தச் சோதனை தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே?” சுண்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றுகொண்டாள், வக்கீலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரரிடமோ, பஸ்ஸில் வருகிற யாரிடமோ கேட்டால்கூட இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அவள் இருபத்தேழின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

“ஒரு நிமிஷம்” என்றாள்.