பாட்டரியை இணைத்தது யார்

அன்று காலை தம்பி வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், அவளுடைய கணவர், அடுத்த வீட்டுப் பல் டாக்டர். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாக இப்போது பலர் சொல்லிக்கொண்டு திரிவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எல்லோரையும் வரச் சொன்னது நான். தம்பிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். பெட்ரோல் போடப் போனவன், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டுக்கு வழி கேட்டு ரோட்டோரம் நின்றிருக்கிறான். இனி வண்டியைத் தொட விடாதீர்கள் என்றாராம் டாக்டர். மூத்தவரான நீங்கள்தான் சாவியை வாங்கி வைக்க வேண்டும் என்று தம்பி மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

எங்கள் குடும்பத்தில் புத்தி தடுமாறியவர் என்று ஒருவரும் இருந்ததில்லை. அதை அவளிடம் சொன்னேன். ஓர் ஏற்பாடும் சொன்னேன். மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த அவனுடைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை எல்லோர் முன்னாலும் அவன் தனியாகக் கிளப்பட்டும். கிளம்பினால் சாவி அவனிடமே இருக்கும். ஞாபகம் என்ற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கக் கூடாது. கிளம்பாவிட்டால் நானே கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பல் டாக்டரை அழைத்ததற்குக் காரணம், அவர் வாயில் எதுவும் தங்காது. தம்பி நன்றாக இருக்கிறான் என்பது மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

தம்பி சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அது இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையை மடித்துவிடும் கரும்பச்சை வண்டி. ரெண்டு பேர் உட்காரலாம், நாலு பேர் தள்ளணும் என்று பல் டாக்டர் வழக்கமான கிண்டலைச் செய்தார். தம்பி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அண்ணே, கிளம்பிரும்ல?" என்றான். அந்த வண்டியைப் பற்றி அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ தொட்டா கிளம்பாம எங்க போயிடும்" என்றேன்.

பானெட்டைத் திறந்ததும் ஆள் மாறிவிட்டான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துலக்கினான். பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயின்டின் இடைவெளியை மெல்லிய தகட்டை விட்டு அளந்து பார்த்தான். இரண்டு கார்புரேட்டர்களின் மூடியைத் திருகி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டான். ஓர் இடத்திலும் கை தயங்கவில்லை. தம்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எஞ்சின் ஓரத்தில் பளபளவென்று இருந்த, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் அவன் விரல் நின்றது. "இது யாரு போட்டது?"

"நீங்கதாம்பா. போன வருஷம்" என்றாள் மகள், என் நிபந்தனையை மறந்து.

கொஞ்ச நேரம் பார்த்தான். "அதானே. வேற எவன் இவ்வளவு சுத்தமாப் போடுவான்?" எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கால ஆங்கிலேய வண்டிகளில் பாட்டரியின் பிளஸ் முனை வண்டியின் உடம்போடு சேரும். இப்போதைய வண்டிகளில் மைனஸ் முனை. பழைய டைனமோவில் விளக்கு மங்கலாக எரிகிறது என்று தம்பி ஆல்டர்னேட்டர் போட்டபோது, இந்த வண்டியையும் இப்போதைய முறைக்கு மாற்றிவிட்டான். அதன்பின் பழையபடி பிளஸ்ஸை உடம்போடு சேர்த்தால் ஆல்டர்னேட்டரும் வயரும் எரிந்துவிடும். டார்ச் பிடித்து நின்றவள் மகள். எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது.

கழற்றி வைத்திருந்த பாட்டரியைச் சீட்டுக்குப் பின்னால் இறக்கினான். உடம்போடு சேரும் வயரை எடுத்துப் பிளஸ் முனைக்குக் கொண்டுபோனான். பிளஸ் முனை தடிப்பு, வயரின் வளையம் சின்னது, நுழையவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு அகட்டி, தட்டி இறக்கினான். மற்ற வளையம் மைனஸ் முனைக்குத் தொளதொளவென்று இருக்குமென்று பார்த்த உடனே தெரிந்துகொண்டு, தகரத் துண்டு ஒன்றை வெட்டி முனையைச் சுற்றினான். எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினான்.

மகள் ஓரடி முன்னால் வந்தாள். "பெரியப்பா..." என்றாள் என்னைப் பார்த்து. அப்பாவை அல்ல, என்னைத்தான் பார்த்தாள். நான் விரலை உயர்த்தினேன். அவள் நின்றுவிட்டாள்.

தம்பி அந்த இரண்டாவது வளையத்தை மைனஸ் முனையில் இறக்கினான். பொறி பறந்தது. பானெட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது, வயர் உருகும் நாற்றம் வந்தது. தம்பி கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். மாப்பிள்ளைதான் பாய்ந்து, வெறுங்கையால் வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார்.

புகை அடங்கிய பிறகு தம்பி பாட்டரியைக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "அண்ணே, யாரோ மாத்திட்டாங்க" என்றான். "இது பிளஸ் பாடிக்குப் போற வண்டி. எனக்குத் தெரியாதா? யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நேராக நின்று கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தவன், சட்டை நுனியால் அதன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

"எப்ப தருவே?"

கையை மூடிக்கொண்டேன்.

வண்டிமேல் ஆசைப்பட்டு மாப்பிள்ளைதான் வயரை மாற்றி வைத்தார், அதில்தான் கை வெந்தது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மாப்பிள்ளையின் கை வெந்தது வயரைப் பிடுங்கியபோது. பாட்டரியை இணைத்தது என் தம்பி. அவனுக்கு ஞாபகம் போய்விட்டது.